ஏர் இன்டேக் டக்டை வீட்டிலேயே கழற்றி மாட்டுவது எப்படி

பானட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டர் பாக்ஸிலிருந்து எஞ்சினை நோக்கி வளைந்து போகும் தடித்த கறுப்புக் குழாய் ஒன்று தெரியும். நடுவில் மடிப்பு மடிப்பாக, இழுத்தால் கொஞ்சம் நீளும்படி இருக்கும். அதுதான் இன்டேக் டக்ட். பட்டறையில் ஏர் ஹோஸ் என்பார்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யவோ, பேட்டரி ட்ரேயை எடுக்கவோ, சில வண்டிகளில் ஸ்பார்க் பிளக்கை எட்டவோ கூட முதலில் இதைக் கழற்றியாக வேண்டும். இரண்டு கிளாம்ப், ஒன்றிரண்டு சின்ன ஹோஸ், ஒரு கனெக்டர். பெரும்பாலான வண்டிகளில் வேலை இவ்வளவுதான், அரை மணி நேரம் தாராளம். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் முனை உடைந்தாலோ, மாட்டும்போது ரப்பர் ஓரம் சற்றே மடங்கி உட்கார்ந்தாலோ, சில நாளில் செக் எஞ்சின் லைட் எரிய ஆரம்பித்துவிடும். அதனால் கழற்றுவதைப் போலவே திரும்ப மாட்டுவதற்கும் நேரம் ஒதுக்கிக்கொண்டு இறங்குங்கள்.

எந்தக் குழாய், எதற்கு

வெளிக்காற்று முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் வாய் வழியாக நுழைந்து ஃபில்டர் பாக்ஸுக்கு வருகிறது. அந்த முதல் துண்டு வெறும் பிளாஸ்டிக் குழாய். அதில் சின்ன விரிசல் விழுந்தாலும் எஞ்சினுக்குப் பெரிய கேடில்லை, அதற்கு அப்புறம் ஃபில்டர் இருக்கிறது. ஃபில்டரைத் தாண்டி வரும் துண்டில்தான் கவனம் வேண்டும். அங்கே உள்ளே போகும் தூசியோ திருகாணியோ நேராக எஞ்சினுக்குத்தான் போகும்.

ஃபில்டர் பாக்ஸின் வெளிவாயில் பல வண்டிகளில் எம்ஏஎஃப் சென்சார் இருக்கும். போகிற காற்று எவ்வளவு என்பதை இது அளந்து சொல்ல, அதற்கேற்ப எஞ்சினின் கணினியான இசியூ எரிபொருளைத் தெளிக்கும். சென்சாருக்குப் பின்னால் டக்டில் ஓட்டை விழுந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். ஐடிலிங் (மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஆடும், ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் இடறும், ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு காட்டும். வி வடிவ எஞ்சினில் கூடவே பி0174-ம் வரும். எம்ஏஎஃப் இல்லாமல், த்ராட்டிலுக்குப் பின்னால் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்தே ஓடும் வண்டிகளில், த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் ஓட்டை கலவையை அவ்வளவாகக் கெடுக்காது. எந்த விளக்கும் எரியாமல் வடிகட்டாத தூசி மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும், பிஸ்டன் ரிங் தேயும். எனவே 'லைட் எரியவில்லை, டக்ட் நன்றாகத்தான் இருக்கும்' என்று நினைத்துவிட வேண்டாம்.

டர்போ வண்டியில் இந்த டக்ட் த்ராட்டிலுக்குப் போகாது, டர்போவின் உறிஞ்சும் வாய்க்குப் போகும். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாகத் திரும்பி வருவது அழுத்தக் குழாய். அதன் இணைப்பும் பூட்டும் வேறு மாதிரி. இங்கே சொல்வதெல்லாம் ஃபில்டர் பாக்ஸுக்கும் த்ராட்டிலுக்கும், அல்லது ஃபில்டர் பாக்ஸுக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள குழாய்க்குத்தான் பொருந்தும்.

கை வைக்கும் முன்

எஞ்சின் ஆறட்டும். நன்றாக ஓட்டி வந்த வண்டி என்றால் ஒரு மணி நேரமாவது விடுங்கள், டர்போ இருந்தால் இன்னும் கூடுதலாக. அதற்காக முழுக்கக் குளிர்ந்தபின் குளிர் காலையில் செய்யத் தேவையில்லை. கை வைத்தால் வெதுவெதுப்பு தெரிகிற சூட்டில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் வளைந்து கொடுக்கும். சில்லென்று இருக்கும்போதுதான் கிளிப்பும் முனையும் பட்டென்று உடையும்.

சாவியை எடுத்துவிடுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியானால் ரிமோட்டை வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். ஹைபிரிட் வண்டி ரெடி நிலையில் இருந்தால் எஞ்சின் தானாகவே ஓட ஆரம்பிக்கும், அதனால் முழுக்க ஆஃப் ஆனதா என்று டாஷ்போர்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் அணைந்த பிறகும் சுழலலாம். அதன் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டுமா? டக்டை மட்டும் எடுப்பதானால் தேவையில்லை. கழற்றினால் சில வண்டிகளில் கற்று வைத்த ஐடில் அளவுகளும் ரேடியோ கோடும் போய்விடும். பேட்டரியையோ ஸ்டார்ட்டரையோ தொடும் வேலை அடுத்து இருக்கிறதென்றால் மட்டும் கழற்றுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பல்சக்கரம் மாதிரி வெட்டுகள் உள்ள கிளாம்பின் திருகு பெரும்பாலும் 7 அல்லது 8 மி.மீ. அறுகோணத் தலையோடு வரும். அதற்குப் பாக்ஸ் ஸ்பேனரும் சிறிய ராட்செட்டும். தலையில் மைனஸ் வெட்டும் இருக்கும், ஆனால் ஸ்க்ரூ டிரைவர் நழுவினால் பக்கத்தில் உள்ள ஹோஸைக் குத்தும், எனவே பாக்ஸே நல்லது. ஃபில்டர் பாக்ஸையும், ரெசனேட்டர் என்ற சத்தம் அடக்கும் டப்பாவையும் பிடித்திருக்கும் போல்ட்டுகள் பல வண்டிகளில் 10 மி.மீ., சிலவற்றில் நட்சத்திரத் தலை, அநேகமாக டி25 அல்லது டி30. வாய் அகலத் திறக்கும் பிளையர் ஒன்று, பிளாஸ்டிக் கிளிப் நெம்பும் கருவி, டார்ச், காந்தக் குச்சி, நூல் பிரியாத சுத்தமான பருத்தித் துணி இரண்டு, திருகுகளைப் போட்டு வைக்க ஒரு கிண்ணம். காந்தக் குச்சி எதற்கு என்று தோன்றலாம். அடித்தட்டு பொருத்திய வண்டியில் 10 மி.மீ. போல்ட் ஒன்று நழுவினால் தரைக்கு வராது, தட்டுக்கு மேலேயே எங்கோ உட்கார்ந்துவிடும்.

கழற்றும் வரிசை

எதையும் தொடுவதற்கு முன் மூன்று நான்கு கோணங்களில் போட்டோ எடுங்கள். முக்கியமாக ஒவ்வொரு கிளாம்பின் திருகும் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, சின்ன ஹோஸ்கள் எதற்கு மேலே எதற்குக் கீழே போகின்றன என்பது படத்தில் தெரிய வேண்டும். திருகு தப்பான பக்கம் திரும்பி உட்கார்ந்தால் பானட்டில் இடிக்கும், அல்லது வயரிங்கை உரசும்.

எஞ்சின் மேல்மூடி இருந்தால் எடுங்கள். பெரும்பாலும் ரப்பர் குமிழ்களில் அமுக்கி உட்கார வைத்திருப்பார்கள். ஒரு மூலையை நேர் மேலே தூக்கினால் வரும். முன்பக்கக் காற்று வாய் குறுக்கே இருந்தால் அதையும் எடுங்கள். அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பில் நடு ஊசியை முதலில் மேலே நெம்பி, அப்புறம் முழுக் கிளிப்பையும் இழுக்க வேண்டும். சில வகையில் நடு ஊசியை உள்ளே அமுக்கினால்தான் விடும். அவசரத்தில் மொத்தமாக நெம்பினால் கால்கள் முறியும்.

அடுத்து கனெக்டர். எம்ஏஎஃப் சென்சாரில் ஒன்று இருக்கும். சில வண்டிகளில் காற்றின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார் தனியாக டக்டிலேயே குத்தியிருக்கும். கனெக்டரின் மேல் சிவப்பு, மஞ்சள் அல்லது சாம்பல் நிறத்தில் சிறு பூட்டு இருந்தால் அதை முதலில் பின்னால் நகர்த்துங்கள். பிறகு நாக்கை அமுக்கிக்கொண்டே கனெக்டரின் உடலைப் பிடித்து இழுங்கள். நாக்கு விடவில்லை என்றால் கனெக்டரை ஒரு முறை உள்ளே தள்ளிவிட்டு அமுக்குங்கள், அழுத்தம் தளர்ந்து விட்டுக்கொடுக்கும். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் பின் உள்ளேயே தளர்ந்துவிடும். வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், வண்டி மட்டும் அவ்வப்போது அடம்பிடிக்கும்.

இப்போது சின்ன ஹோஸ்கள். எஞ்சின் தலையை மூடியிருக்கும் வால்வ் கவரிலிருந்து டக்டுக்கு ஆவியைக் கொண்டுவரும் பிரீதர் ஹோஸ் அநேகமாக எல்லா வண்டியிலும் உண்டு. பழைய வண்டியில் ஐடில் கன்ட்ரோல் வால்வுக்குப் போகும் ஹோஸ் ஒன்றும், டர்போ வண்டியில் பெட்ரோல் ஆவிக் குழாய் ஒன்றும் கூடவே இருக்கலாம். வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பல வருடம் எஞ்சின் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் முனை பிஸ்கெட் போல நொறுங்கும் பதத்தில் இருக்கும், ஹோஸ் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங் கிளாம்பின் இரண்டு காதுகளையும் பிளையரால் அமுக்கி, கிளாம்பை ஹோஸின் மேல் பின்னால் நகர்த்திவிடுங்கள். பிறகு ஹோஸை இழுக்காதீர்கள், கையால் பிடித்து இடமும் வலமும் திருகுங்கள். ஹோஸ் திரும்பிக் கொடுத்தால் ஒட்டு விட்டது. அப்புறம் தானாக வரும். வராவிட்டால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இரண்டு நிமிடம் சுற்றி வைத்துவிட்டு மறுபடி திருகுங்கள். அப்படியும் வரவில்லையா? ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுவதுதான் மிச்சம். வால்வ் கவரின் முனை உடைந்தால் சில வண்டிகளில் கவரையே மாற்ற வேண்டிவரும்.

திருகே இல்லாமல் உலோகப் பட்டையை நெரித்து மாட்டிய கிளாம்பும் சில இணைப்புகளில் வரும். அது ஒருமுறைக்கு மட்டும்தான். கட்டிங் பிளையரால் காதை வெட்டி எடுத்து, மாட்டும்போது அதே விட்டத்துக்குத் திருகு கிளாம்ப் போடலாம்.

கடைசியாகப் பெரிய கிளாம்புகள் இரண்டும். முழுக்கக் கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும்; நான்கைந்து சுற்றில் கிளாம்ப் கையால் சுற்றும் அளவுக்கு வரும். அதிகம் தளர்த்தினால் பட்டை திருகிலிருந்து விடுபட்டு, இடுக்கில் திரும்பக் கோர்ப்பது பெரிய தலைவலி. டக்டை முதலில் த்ராட்டில் பக்கம் திருகி விடுவியுங்கள். மடிப்புள்ள பகுதியைப் பிடித்து இழுத்தால் மடிப்பு கிழியும், எனவே வாய்ப் பகுதியின் தடித்த ஓரத்தைப் பிடியுங்கள். ஸ்க்ரூ டிரைவரை இடையில் விட்டு நெம்பினால் ரப்பரில் கீறல் விழும், அதுவே பின்னால் கசிவாகும். த்ராட்டில் பக்கம் விட்டபின் ஃபில்டர் பாக்ஸ் பக்கம் எளிதில் வரும். இடம் போதவில்லை என்றால் பாக்ஸின் மேல்மூடிக் கிளிப்புகளைத் திறந்து மூடியையும் டக்டையும் சேர்த்தே வெளியே எடுங்கள். அப்படிச் செய்யும்போது எம்ஏஎஃப் சென்சாரும் மூடியோடு வரும், கீழே போட்டுவிடாதீர்கள்.

டக்ட் வெளியே வந்த அடுத்த நொடி, திறந்த வாயைத் துணியால் அடையுங்கள். துணி பெரிதாக இருக்க வேண்டும், பாதி வெளியே தொங்க வேண்டும். சின்னத் துண்டு உள்ளே போய் மறந்துவிடும் ஆபத்து உண்டு. டிஷ்யூ பேப்பர் கிழிந்து தூள் விடும், அதைத் தவிருங்கள். டர்போ வாயானால் இன்னும் கவனம்: அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது, ஒரு சிறு வாஷர் போதும் அதை நாசமாக்க. ஏதாவது உள்ளே விழுந்தது என்று சந்தேகம் வந்தாலே சாவியைத் தொடாமல் தேடி எடுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டை இக்னிஷன் ஆனில் விரலால் தள்ளவும் கூடாது. மோட்டார் திடீரென்று மூடும், விரல் நசுங்கும்.

வெளியே எடுத்ததைப் பார்ப்பது

வெளிச்சத்தில் வைத்து மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் மடிப்பின் பள்ளத்தில், கண்ணில் படாத அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். எஞ்சின் தன்னைத் தாங்கும் ரப்பரான மவுண்ட்டில் ஆடும்போதெல்லாம் இந்த மடிப்புதான் வளைந்து நிமிர்கிறது. அதனால்தான் சும்மா நிற்கும்போது மூடியிருக்கும் விரிசல் கியர் போட்டு மிதித்ததும் வாய் திறக்கும். நின்றால் சரியாக இருக்கிறது, கிளம்பினால் இடறுகிறது என்ற புகாருக்கு இது ஒரு காரணம். மவுண்ட்டே தேய்ந்து எஞ்சின் அதிகம் ஆடினால் புது டக்டும் சீக்கிரம் கிழியும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

உட்சுவரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது சாதாரணம், பிரீதரிலிருந்து வரும் ஆவி அது. எண்ணெய் தேங்கி நின்றால் எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிசிவி வால்வ் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் எஞ்சினில் ரிங் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டியிருக்கும். எண்ணெயில் ஊறி ரப்பர் கொழகொழவென்று உப்பியிருந்தால் அந்த டக்ட் இனி வேலைக்கு ஆகாது. கிளாம்ப் இறுக்கினாலும் வழுக்கும். டர்போ பக்கம் அது காற்று இழுக்கும்போது உள்வாங்கியும் போகலாம். ஃபில்டருக்குப் பின்னால் உள்ள சுவரில் தூசி தெரிந்தால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது பாக்ஸின் மூடி எங்கோ விட்டிருக்கிறது என்று பொருள்.

கழுவ வேண்டுமென்றால் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். பெட்ரோல், தின்னர், பிரேக் கிளீனர் எல்லாம் ரப்பரை ஊதவைக்கும். சென்சார் டக்டில் இருந்தால் கழுவுமுன் எடுத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். மடிப்புக்குள் தேங்கிய தண்ணீரைக் குலுக்கி வடியுங்கள். எம்ஏஎஃப் சென்சாரைச் சுத்தம் செய்வதானால் அதற்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டும். கம்பியில் விரலோ துணியோ படக் கூடாது, ஊதவும் வேண்டாம். காற்றில் நன்றாகக் காய்ந்தபின் கனெக்டரைப் போடுங்கள்.

திரும்ப மாட்டுவது

அடைத்து வைத்த துணியை எடுங்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு, துணியோடு ஸ்டார்ட் செய்யப்பட்ட எஞ்சின்கள் நிறைய.

த்ராட்டில் பாடியின் விளிம்பையும் பாக்ஸின் விளிம்பையும் துடைத்து, கிளாம்புகளை டக்டின் மேல் கோர்த்து வையுங்கள். டக்டில் அம்புக்குறியோ சிறு காதோ இருந்தால், அது எதிரே உள்ள குறியோடு நேராக வர வேண்டும். ஏற மறுத்தால் உள்ஓரத்தில் சோப்புத் தண்ணீரை ஒரு விரலால் தடவுங்கள். கிரீஸும் எண்ணெயும் வேண்டாம், கிளாம்ப் பிற்பாடு நழுவும். சிலிகான் ஸ்பிரேயும் வேண்டாம், அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும்.

விளிம்பில் ஒரு மேடு இருக்கும். ரப்பர் அந்த மேட்டைத் தாண்டி அடிவரை போக வேண்டும், கிளாம்ப் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே கிளாம்ப் உட்கார்ந்தால் இறுக்கும்போது வழுக்கி வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தை விரலை விட்டுச் சுற்றிவரத் தடவிப் பாருங்கள். மேலே அழகாக உட்கார்ந்து, கீழே ஓரம் உள்பக்கம் மடங்கியிருப்பது இந்த வேலையில் அதிகம் நடக்கும் தப்பு.

முதலில் இரண்டு பக்கமும் உட்கார வைத்துவிட்டு, டக்ட் முறுக்கிக்கொள்ளாமல் இயல்பாக இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் இறுக்குங்கள். பொதுவாக 2 முதல் 4 நியூட்டன் மீட்டர் போதும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், ராட்செட்டின் நீண்ட பிடியை விட்டுவிட்டுத் தலையைக் கையால் பிடித்து இறுக்குங்கள். டக்டைத் திருகினால் சுற்றக் கூடாது, பட்டையின் ஓரம் ரப்பரை வெட்டிக்கொண்டு இறங்கவும் கூடாது. இறுக்கம் கூடினால் பிளாஸ்டிக் விளிம்பு விரியும், கிளாம்பின் வெட்டுகளும் மழுங்கும்.

பிரீதர் ஹோஸ், மற்ற ஹோஸ்கள், கனெக்டர், அதன் பூட்டு, பாக்ஸ் கிளிப்புகள் எல்லாவற்றையும் முதலில் எடுத்த போட்டோவோடு ஒப்பிடுங்கள். டக்டில் திறந்த முனை ஒன்று மிச்சம் இருந்தால் எதையோ மாட்டவில்லை. ரெசனேட்டர் என்று தொங்கும் வெற்று டப்பாவை 'இது எதற்கு' என்று விட்டுவிட வேண்டாம். அது உறிஞ்சும் சத்தத்தை அடக்குகிறது, விட்ட இடம் ஓட்டையாகவும் நிற்கும்.

ஸ்டார்ட் செய்து பார்த்தல்

முதல் ஸ்டார்ட்டில் ஐடிலிங் சில வினாடி ஏறி இறங்கலாம். த்ராட்டில் பாடியையும் சுத்தம் செய்திருந்தால் கொஞ்சம் கூடுதலாக ஆடும். சில வண்டிகளில் ஸ்கேனரால் ஐடிலைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். 'உஸ்' என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஓடும் எஞ்சினில் சுழலும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் தள்ளி நின்று, டக்டைக் கையால் லேசாக அசையுங்கள். ஐடிலிங் மாறினால் அங்கே கசிகிறது. கார்புரேட்டர் கிளீனரை அடித்துக் கசிவு தேடும் பழக்கம் தீப்பிடிக்கும் வேலை, விட்டுவிடுங்கள்.

எம்ஏஎஃப் உள்ள வண்டியில் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் ஃப்யூயல் ட்ரிம்மைப் பாருங்கள், இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம் அது. ஐடிலிங்கில் கூட்டல் 10 சதவீதத்துக்கு மேலே நின்று, 2500 ஆர்பிஎம்முக்குப் போனதும் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. பி0102 வந்தால் எம்ஏஎஃப் கனெக்டரையும், பி0113 வந்தால் வெப்ப சென்சார் கனெக்டரையும் சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

கிழிந்த டக்டுக்குப் புதிது வரும்வரை ஓட்டியாக வேண்டிய நிலை என்றால், தன்னோடு தானே ஒட்டும் சிலிகான் டேப்பை விரிசலின் இரு பக்கமும் இரண்டு விரல் அகலம் தாண்டி இழுத்துச் சுற்றலாம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுச் சுற்ற வேண்டும். சாதாரண டேப்பின் பசை எஞ்சின் சூட்டில் இளகி, துண்டு உள்ளே உறிஞ்சப்படும். ரேடியேட்டர் ஹோஸையோ பிளம்பிங் குழாயையோ வெட்டி நிரந்தரமாக மாட்டுவதும் வேண்டாம், எம்ஏஎஃப்பைக் கடக்கும் காற்றோட்டம் மாறி அளவு பிசகும். மடிப்பில் போட்ட டேப் எஞ்சின் ஆட்டத்தில் சீக்கிரமே விட ஆரம்பிக்கும். டர்போ வண்டியில் அதை நம்பி நெடும்பயணம் போகாதீர்கள்.